ஒரு முகத்துக்கு நிறம் தீட்டிய கதை

(எமது சங்கத்தின் கலைமாலை நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடையில் பேசிப் பழக்கப்பட்டவன் அல்ல. 2010 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதியதோடு என்னுடைய படிப்பு நின்றுபோனது. இங்கே சுவிசுக்கு வந்த நாளிலிருந்து தொழிற்சாலை வேலைதான். இப்போது ஒரு சொக்லேற் தொழிற்சாலையில் பொதி செய்யும் பகுதியில் நிற்கிறேன். ஓவியப் பாடசாலை ஒன்றின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. கணனியில் முகங்களைக் கீறி நிறம் தீட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும் என்று செயலாளர் அண்ணை கேட்டபோது, "எனக்கு என்ன தெரியும் அண்ணை" என்றுதான் சொன்னேன். "தெரிஞ்சதைச் சொல்லும், தெரியாததை நாங்கள் கேக்க மாட்டம்" என்றார். அந்தத் துணிவில் வந்து நிற்கிறேன்.

இந்த வேலைக்குள் நான் இறங்கியதற்குக் காரணம் ஒரேயொரு படம்.

எனக்கு ஒரு அண்ணா. என்னைவிட மூன்று வயது மூத்தவர். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவர் எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. இந்த மண்டபத்தில் இப்படி ஒருவரைத் தேடாத குடும்பம் குறைவு என்பதால் நான் அதை விரிக்கத் தேவையில்லை. இடம் பெயர்ந்து இடம் பெயர்ந்து போன பாதையில் எங்கள் வீட்டு அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது, 2003 இல் அடையாள அட்டைக்காகக் கிளிநொச்சியில் எடுத்த ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் படம். அம்மா அதைத் தன்னுடைய பேர்சுக்குள் வைத்துக் காப்பாற்றினா. வியர்வையும் மழையும் பட்டு ஒரு மூலை வெளிறிப் போய்விட்டது. அதில் அண்ணாவுக்குப் பதினாறு வயது.

2020 இல் கொரோனா காலத்தில் எங்களுக்கு வேலை நேரம் குறைந்தது. வீட்டில் இருந்த ஒரு நாள் அம்மா போனில் கேட்டா: "தம்பி, இந்தப் படத்தைக் கலராக்கிப் பெருப்பிச்சுத் தருவியோ? ஆனா மாலை, பொட்டு ஒண்டும் வேண்டாம். சும்மா படமாத் தா." அவ ஏன் அப்படிச் சொன்னா என்று உங்களுக்கு விளங்கும்.

பாவித்த ஒரு ரப்லெட்டும் பேனாவும் அறுபது பிராங்குக்கு வாங்கினேன். கிரிற்றா என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்குகிற போட்டோஷொப் இதற்கு முந்தியது. 1990 இல் வந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள் வைத்துக் கீறுவது போன்ற அடுக்கு முறை அதில் 1994 இல் சேர்க்கப்பட்டது. இன்று எல்லா மென்பொருளிலும் அது இருக்கிறது. படத்தை 1200 டிபிஐயில் ஸ்கான் பண்ணினேன். மூன்றரைச் சென்ரிமீற்றர் அகலப் படம் ஏறக்குறைய 1650 புள்ளி அகலத்துக்கு வந்தது. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். ஸ்கான் பெரிதாக்கும், படத்தில் இல்லாததைக் கொண்டுவராது.

பிறகு காணொளிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். கீழே கறுப்பு வெள்ளைப் படம். மேலே ஒரு புது அடுக்கு. அந்த அடுக்கை 'நிறம்' என்ற முறைக்கு மாற்றினால், கீழே உள்ள வெளிச்சமும் இருளும் அப்படியே இருக்க, மேலே பூசுகிற நிறம் மட்டும் அதில் ஏறும். காணொளியில் சொன்ன தோல் நிறத்தை எடுத்தேன். கன்னத்துக்கு ரோசா, உதட்டுக்குச் சிவப்பு. மூன்று கிழமை இரவிரவாக இருந்து செய்தேன். புள்ளி, கீறல், கறை எல்லாவற்றையும் துடைத்தேன். தோலைப் பளிங்கு மாதிரி இழைத்தேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமை.

அம்மாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னா: "வடிவாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது கொண்ணன் இல்லை."

எனக்கு முதலில் கோபம். பிறகு அழுகை. பிறகுதான் யோசித்தேன், அம்மா சொன்னது சரி என்று. படத்தில் இருந்தது ஒரு சோப்பு விளம்பரப் பொடியன். அண்ணாவின் முகத்தை நான்தான் அழித்திருந்தேன். நான் விட்ட பிழைகள் எவை, அவற்றை எப்படித் திருத்தினேன் என்பதுதான் இன்றைய பேச்சு. கீறப் பழகுகிற பிள்ளைகள் இதைக் கவனித்துக் கேட்க வேணும்.

முதற் பிழை நிறத்தில். நான் பார்த்த காணொளிகள் அநேகமாக வெள்ளைத் தோலுக்கானவை. அந்த ரோசாவை எங்கட தோலில் பூசினால் முகம் காய்ச்சல்காரன் மாதிரி இருக்கும். இதிலே ஒரு பழைய கதையும் உண்டு. கொடக் கொம்பனி 1950களிலிருந்து கலர்ப்படம் கழுவும் இடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். 'ஷேர்லி அட்டை' என்று பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. கறுப்புத் தோல், மண்ணிறத் தோல் எப்படி வரும் என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பிறகு அந்தப் பிலிமில் மண்ணிறம் சரியாக விழவில்லை என்று கொம்பனிக்கு முறைப்பாடு போனது. முறைப்பட்டவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? தளபாடம் செய்கிறவர்களும் சொக்லேற் செய்கிறவர்களும்! விளம்பரத்தில் கறுப்புச் சொக்லேற்றும் பால் சொக்லேற்றும் ஒரே மாதிரி இருக்குதாம். மனிசருக்காகச் செய்யாததைச் சொக்லேற்றுக்காகச் செய்தார்கள். பல நிறத்தவர் உள்ள அட்டை 1990களின் நடுப்பகுதியில்தான் வந்தது. எங்கட பழைய கலியாண அல்பங்களில் வேட்டியும் சேலையும் துலக்கமாக இருக்க, முகம் மட்டும் கறுத்துப்போய் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சொக்லேற்றுக்கு நான் நன்றி சொல்ல வேணும். காலை தொடக்கம் பின்னேரம் வரை மண்ணிறத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் நான். ஒரு நாள் யன்னலோரம் நிற்கும்போது கவனித்தேன். கறுப்புச் சொக்லேற்றின் மினுக்கம் மண்ணிறமில்லை, நீலம்! வெளியே வானம் தெளிந்திருந்தது. மின்குமிழுக்குக் கீழே அதே துண்டு மஞ்சளாக மினுங்கியது. மினுக்கம் பொருளின் நிறமல்ல, வெளிச்சத்தின் நிறம். எங்கட தோலும் அப்படித்தான். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் விழுகிற மினுக்கத்துக்கு வெளிர் ரோசாவையோ வெறும் வெள்ளையையோ பூசக்கூடாது. வெளிச்சம் எங்கேயிருந்து வருகுது என்று முதலில் கேட்க வேணும்.

இன்னொன்று. மண்ணிறம் என்று தனியாக ஒரு நிறம் வானவில்லில் இல்லை. இருட்டாக்கின செம்மஞ்சள்தான் மண்ணிறம். கணனியின் நிற வட்டத்தை 360 பாகையாகப் பிரித்தால், மனிசத் தோல் அநேகமாக 10 பாகைக்கும் 40 பாகைக்கும் இடையில்தான் நிற்கும். வெள்ளைக்காரனுக்கும் அங்கேதான், எனக்கும் அங்கேதான். வித்தியாசம் எவ்வளவு இருள், எவ்வளவு அழுத்தம் என்பதில்தான். தோலுக்குள் உள்ள மெலனினும் அதற்குக் கீழே ஓடுகிற இரத்தமும் சேர்ந்துதான் நிறத்தைத் தருகின்றன. அதனால் முகம் முழுக்க ஒரே நிறம் இருக்காது. கண்ணாடியில் பாருங்கோ. நெற்றி கொஞ்சம் மஞ்சள் சார்ந்திருக்கும். மூக்கு, கன்னம், காது உள்ள நடுப்பகுதியில் இரத்த ஓட்டம் கூட, ஆகையால் சிவப்புச் சார்ந்திருக்கும். தாடி வளர்கிற ஆம்பிளையளுக்குக் கீழ்ப்பகுதி சாம்பல், நீலம் சார்ந்திருக்கும். ஜேம்ஸ் கேர்ணி என்ற அமெரிக்க ஓவியர் 2010 இல் நிறமும் ஒளியும் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த மூன்று பகுதிகளையும் விளக்குகிறார். கறுத்தத் தோலில் இந்த வித்தியாசம் மெல்லிசாக இருக்கும். ஆனால் இருக்கும். அது இல்லாவிட்டால் முகம் மண் பொம்மை மாதிரி வரும்.

நிழலைப் பற்றியும் சொல்ல வேணும். நிழல் என்றால் கறுப்பைக் கலப்பது என்று நினைத்தேன். கறுப்பைக் கலந்தால் தோல் சாம்பல் பூத்துப் போகும். எங்கட தோலின் நிழலுக்குச் சிவப்புச் சார்ந்த கடும் மண்ணிறம்தான் உயிர் கொடுக்கும். கண்ணின் வெள்ளையும் வெள்ளை அல்ல, பல்லும் வெள்ளை அல்ல. இமையின் நிழலும் உதட்டின் நிழலும் அவற்றில் விழுகிறது. வெறும் வெள்ளை பூசினால் பேய்ப்படம்.

இரண்டாவது பிழை இழைத்ததில். நிறங்களை ஒன்றோடொன்று கலந்து எல்லை தெரியாமல் இழைக்கிறதற்கு மென்பொருளில் ஒரு கருவி உண்டு. ஈரமான சாயத்தை விரலால் தேய்க்கிற மாதிரி. புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் அதில்தான் விழுவார்கள். நானும் விழுந்தேன். தேய்க்கத் தேய்க்க எலும்பு கரைந்து, முகம் பிளாஸ்ரிக் ஆகிவிடும்.

இழைக்கிறதுக்கும் ஒரு அளவு இருக்குது. பாரிசுக்குப் போன ஆட்கள் லூவரில் மோனாலிசாவைப் பார்த்திருப்பீர்கள். லெயொனார்டோ டாவின்சி அந்த முகத்தில் கோடே தெரியாமல் புகை மாதிரி இழைத்தார். 2010 இல் அந்தப் படத்தைத் தொடாமலே எக்ஸ் கதிரால் சோதித்தார்கள். ஒவ்வொரு பூச்சும் இரண்டு மைக்ரோன் அளவு. பல பூச்சுச் சேர்ந்தும் நாற்பது மைக்ரோனைத் தாண்டவில்லை. ஒரு தலைமயிரின் தடிப்புக்கூட இல்லை. அவர் தேய்க்கவில்லை, மெல்லிசு மெல்லிசாகப் படிய விட்டார். கணனியிலும் அதுதான் வழி. பிறஷின் அழுத்தத்தைப் பத்து, பதினைந்து வீதத்துக்குக் குறைத்து வையுங்கள். இருளுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே ஒரு தடவை பூசினால் இடை நிறம் ஒன்று வரும். அந்த இடை நிறத்தையே தொட்டெடுத்துத் திரும்பப் பூசுங்கள். நாலைந்து தடவையில் எல்லை தானாகக் கரையும்.

எல்லா எல்லையையும் கரைக்கக்கூடாது. இது முக்கியம். கன்னம் உருண்டு திரும்புகிற இடத்தில் நிழலின் ஓரம் மென்மையாக இருக்கும். மூக்கு மேலுதட்டில் விழுத்துகிற நிழலுக்கு ஓரம் கூர்மையாக இருக்கும். உருவம் திரும்புவதால் வருகிற நிழல் வேறு, ஒன்று மற்றதன் மேல் விழுத்துகிற நிழல் வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது பிழைதான் பெரிய பிழை. அண்ணாவின் இடது புருவத்தில் ஒரு வெட்டு இருந்தது. சின்ன வயதில் கொய்யா மரத்தால் விழுந்தது. படத்தில் அது ஒரு வெள்ளைக் கீறலாகத்தான் தெரிந்தது. படத்தில் விழுந்த கீறல் என்று நினைத்து நான் துடைத்துவிட்டேன். நானும் அண்ணாவும் ஒரே பாயில் படுத்தவர்கள். பத்து வருசத்தில் நான் அதை மறந்துவிட்டேன் பாருங்கோ.

அதுக்குப் பிறகு நான் அவசரப்படவில்லை. பழைய படத்தை அழிக்காமல் ஒரு பக்கம் வைத்துவிட்டு, முதலில் பழகினேன். ஆறு மாதம் நிறமே தொடவில்லை. சாம்பல் நிறத்தில் மட்டும் முகங்கள். வெளிச்சமும் இருளும் சரியாக இருந்தால் நிறம் கொஞ்சம் பிழைத்தாலும் முகம் பிழைக்காது. ஆனால் மற்றப் பக்கம் அப்படியில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் சின்னச் சின்ன விபரங்கள் மறைந்து பெரிய இருளும் வெளிச்சமும் மட்டும் தெரியும். படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்த்தால் எங்கட கண் பழகிப்போன பிழைகள் உடனே தெரியும். வெள்ளைத் தாளில் தொடங்காமல் நடுச் சாம்பலில் தொடங்கினேன். வெள்ளைக்குப் பக்கத்தில் எங்கட நிறம் எப்பவும் கடுமையாகத் தெரிய, எங்களை அறியாமலே வெளிர வைத்துவிடுவோம். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து முக்கால் மணித்தியாலம். மனைவியின் முகம், மகளின் முகம், அறை நண்பர்களின் முகம். எல்லோரிடமும் கேட்டுத்தான் படம் எடுத்தேன். முகப்புத்தகத்தில் கிடந்த யாரோ ஒருவரின் படத்தை எடுத்துக் கீறிப் பகிர்வது சரியில்லை. பிள்ளைகள் இதையும் மனதில் வைக்க வேணும். ஒரு விசயம், போனைக் கிட்டப் பிடித்து எடுத்த படத்தில் மூக்குப் பெரிதாகவும் காது சின்னதாகவும் விழும். கொஞ்சம் தள்ளி நின்று எடுத்த படமே மாதிரிக்கு நல்லது.

அதோடு அம்மாவிடம் கேட்கத் தொடங்கினேன். ஒவ்வொரு ஞாயிறும். "அண்ணா எந்தப் பக்கம் வகிடு எடுப்பார்?" "கொப்பற்றை நிறமோ, உங்கட நிறமோ?" "வெயிலுக்குள்ள நிண்டிட்டு வந்தா எப்பிடி இருப்பார்?" அம்மா சொல்லுவா. "காது மடல் மெல்லிசு. விளக்குக்கு முன்னால இருந்து படிக்கேக்க பின்னால இருந்து பாத்தா காது செக்கச் செவேல் எண்டு தெரியும்." மெல்லிய தோலுக்குள்ளால் வெளிச்சம் புகுந்து வரும்போது இரத்தத்தின் நிறத்தைக் கொண்டு வருகிறது என்று புத்தகத்தில் உள்ளதைத்தான் அம்மா சொன்னா. அவ அதைப் படிக்கவில்லை, பார்த்தா.

அதுவரைக்கும் அண்ணாவைப் பற்றி நாங்கள் கதைப்பது எப்பவும் தேடுகிற கதைதான். எந்த அலுவலகம், எந்தக் கடிதம், யார் என்ன சொன்னது. இந்தப் படத்தால்தான் கொய்யா மரக் கதையும், சைக்கிள் கதையும், கணக்குப் பாடத்துக்கு வாங்கின அடியும் திரும்ப வந்தன. எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அண்ணாவை நினைத்து அம்மா சிரித்ததைப் போனில் கேட்டேன்.

ஒரு நண்பர் கேட்டார், இப்ப அவருக்கு என்ன வயசோ அந்த வயசுக்குப் போட்டுக் குடுக்கலாமே என்று. முயன்று பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். நரையை நான் எங்கே வைக்கிறது? அது எனக்குத் தெரியாத முகம். தெரிந்த பதினாறு வயதோடு விட்டேன்.

இப்போது சிலர் மனதில் ஒரு கேள்வி இருக்கும். செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிசத்தில் பழைய படத்தைக் கலராக்கித் தருகுதே, ஏன் இவ்வளவு கஷ்ரம்? நானும் அதைப் போட்டுப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் வேலை துப்புரவாகத்தான் இருந்தது. ஆனால் அது ஊகிக்கிறது. ஆயிரமாயிரம் முகங்களைப் பார்த்துப் பழகி, இந்த இடத்தில் இப்படித்தான் இருக்கும் என்று போடுகிறது. மங்கிப் போன கண்ணுக்குப் புதுக் கண்ணே வைத்துவிடும். எங்கட வீட்டுப் படத்துக்கு அது கொடுத்த அண்ணா இரண்டு மாத்து வெளுத்திருந்தார். புருவத்து வெட்டும் போய்விட்டது, நான் முதல் விட்ட அதே பிழை! பாவிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கறை துடைக்கப் பாவியுங்கள். ஆனால் மூலப் படத்தை ஒருநாளும் அழிக்காதேயுங்கள். வந்த படத்தை முகத்தைத் தெரிந்த ஒருவருக்குக் காட்டிக் கேளுங்கள்.

வெளுக்க வைக்கிற விசயம் இயந்திரத்தோடு மட்டும் நிற்கவில்லை. இந்த இரண்டு மூன்று வருசத்தில் பதினைந்து குடும்பங்களுக்குப் படம் செய்து கொடுத்திருக்கிறேன். அதில் பலர் மெதுவாகக் காதுக்குள் சொல்லுவார்கள், "தம்பி, அம்மாவைக் கொஞ்சம் வெள்ளையாப் போடும்." கோபிக்காதேயுங்கோ, அதை மட்டும் நான் செய்வதில்லை. வெயிலில் வயல் விதைத்து, உப்புக் காற்றில் மீன் காயவைத்து எங்களை வளர்த்த முகம் அது. அந்த நிறத்தைக் குறைத்தால் அந்த உழைப்பையும் குறைத்த மாதிரி. இங்கே பிறந்த பேரப்பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்துத் தன்னுடைய கையையும் பார்த்து, "அம்மம்மா என்னை மாதிரி" என்று சொல்ல வேணும்.

அண்ணாவின் இரண்டாவது படம் 2022 இல் முடிந்தது. ஊருக்குப் போன ஒருவரிடம் அச்சடித்துக் கொடுத்து விட்டேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தாவாம். பிறகு போனில், "சேட்டுக் கொலர் நீலம் இல்லையடா, மெல்லிய பச்சை" என்றா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை என்பதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. கொலரைப் பச்சையாக்கித் திரும்ப அனுப்பினேன்.

அந்தப் படம் சுவரில் இல்லை. சுவரில் கொழுவினால் ஆராவது மாலை போடச் சொல்லுவினமாம். அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறா. காலமை சேலை எடுக்கக் கதவைத் திறக்கும்போது பார்ப்பா.

அன்பான உறவுகளே, என்னுடைய பேச்சை முடிக்க முன் ஒரு வேண்டுகோள். சித்திரைப் புத்தாண்டுக்கு எல்லோரும் ஊருக்குப் போன் எடுப்பீர்கள், பெரியவர்களைக் கண்டு கைவிசேசம் வாங்குவீர்கள். அப்போது வீட்டில் உள்ள பழைய படங்களை வெளியே எடுங்கள். யார், எந்த ஊர், எந்த வருசம் என்று கேட்டு, பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பேனையால் எழுதினால் மை ஊறும். சேலை என்ன நிறம், கதவு என்ன நிறம் என்று கேளுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். நிறம் தீட்டுகிறது பிறகும் செய்யலாம். கேட்கிறதைப் பிறகு செய்ய முடியாது.

கீறப் பழக விருப்பமுள்ள பிள்ளைகள் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிய என்னிடம் வரலாம். காசு ஒன்றும் வேண்டாம். வரும்போது உங்கட அம்மம்மா, அப்பப்பாவின் படம் ஒன்று கொண்டு வாருங்கள். அவையைப் பற்றி மூன்று விசயம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அதுதான் முதற் பாடம்.

பேச்சில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் என் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.